தோழியின் ஜாமீனில் வாங்கிய வீடு

கொச்சி மட்டாஞ்சேரியில் வாடகைக்கு விடுவதற்கென்று ஒரு சின்ன வீடு வாங்கப் போனபோது, கடனுக்கு ஜாமீன் கேட்டார்கள் வங்கியில். கூடப்பிறந்த அண்ணனிடம் போய் நின்றேன். "ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாமத் தின்னும்" என்று சொல்லி, சாயா கொடுத்து அனுப்பிவிட்டார். பழமொழிக்கு மட்டும் எங்கள் குடும்பத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை.

என்னோடு கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கும் தோழியிடம் நான் கேட்கவே இல்லை. அவளாகத்தான் வந்தாள். "எங்கடி கையெழுத்துப் போடணும், சொல்லு." அவள் மகள் களமசேரியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான். நான் தவணை தவறினால் அதில்தான் பிடிப்பார்கள். தெரிந்துதான் போட்டாள்.

ஜூ டவுன் கடையொன்றில் வேலை செய்யும் கணவன் மனைவி குடிவந்தார்கள். அவர்கள் தந்த வாடகையில் தவணை ஓடியது. அப்புறம் வேலியேற்றம்; கடல் பெருக்கெடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். காயல் பொங்கி, ஓடை வழியாக ஏறி, அடுக்களைவரை தண்ணீர். ஒருமுறை என்றால் பொறுக்கலாம், வந்துகொண்டே இருந்தால்? அவர்கள் சாமான் கட்டத் தொடங்கினார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மோப்பம் பிடித்ததுபோல் அண்ணன் வந்தார். பாதி விலைக்குத் தானே வாங்கிக்கொள்வாராம். "நாளைக்கு அவ சம்பளத்துல கை வெச்சா, அவ முகத்துல எப்படி முழிப்பே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாமீன் போடாத மனுஷனுக்கு, போட்டவள்மேல் என்ன கரிசனம்! தோழியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே, அம்மா எனக்கு எழுதிவைத்த, நான் குடியிருந்த மாடிவீட்டின் சாவியைக் குடித்தனக்காரர்களிடம் கொடுத்தேன். அங்கே தண்ணீர் ஏறாது, அதே வாடகை போதும் என்றேன். அவர்கள் மாடிக்குப் போனார்கள், நான் இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தேன். தோழி வந்து கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்துக் கொடுத்தாள். உனக்குப் பிராந்து பிடித்துவிட்டது என்று திட்டிக்கொண்டேதான் வைத்தாள்.

அடுத்த வேலியேற்றத்தன்று அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாடகைக்கு விடத்தானே வாங்கினே? இப்ப நீயே தண்ணியில கெடக்கே."

"விட்டாச்சு அண்ணா. என் வீட்டை விட்டிருக்கேன்." கட்டிலில் சம்மணமிட்டபடியே சொன்னேன். "அவளுக்கு இந்த மாசமும் சம்பளம் முழுசா வந்துச்சு. உள்ள வாங்க, சாயா போடறேன்."

அவர் தண்ணீரைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.