மூஞ்சி மட்டும் நல்லா வரும் லென்ஸ்

ஒரு டார்ச் லைட் வாங்குவதற்கே கள்ளக்குறிச்சியில் இருக்கிற கடைகளையெல்லாம் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருபவர் என் அப்பா. அப்படிப்பட்டவர் கேமரா வாங்கப்போகிறேன் என்றதும் வடக்கனந்தலில் எங்கள் கூட்டுக் குடும்பம் மொத்தமும் சிரித்தது. கோடை விடுமுறையில் வேன் வைத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போவதாக இருந்தோம். அப்போது வீட்டிலிருந்த ஃபோன்களில் படம் எடுத்தால், பெரியப்பா எது வேப்பமரம் எது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் கேமரா தேவைதான் என்று பெரியப்பாவே ஒப்புக்கொண்டார்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. வீட்டில் எனக்கு ஒரு நிரந்தர வேலை இருந்தது: அப்பாவின் பேச்சை அம்மாவிடம் கொண்டுசேர்ப்பது. அம்மா பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பாள். அப்பா என்னைப் பார்த்து, "பாப்பா, அம்மாவ தண்ணி கொண்டாரச் சொல்லு" என்பார். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அதுதான் வழக்கம். அம்மாவின் காதில் விழுந்திருந்தாலும் நான் போய் ஒருமுறை சொன்னால்தான் தண்ணீர் வரும். விளையாட்டுக்கு நடுவில் கூப்பிட்டால் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

புதுக் கேமரா கட்டுப்படியாகாது. கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் தன் பழைய கேமராவைக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டு, அப்பா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கேமராவோடு இரண்டு லென்ஸ்கள் இருந்தன. எங்கள் வசதிக்கு ஏதாவது ஒன்றுதான். ஸ்டுடியோக்காரர் நீளமானதை மாட்டிக் காட்டினார்.

"டூருக்குன்னா இதாங்க. திருப்புனா தூரத்துல இருக்கறதும் வரும், குடும்பமே உள்ள அடங்கிடும். அந்தச் சின்னது வாணாங்க. ஜூம் கெடையாது, நீங்கதான் முன்னாடி பின்னாடி நடந்துக்கினு இருக்கணும். ஒரு ஆளு மூஞ்சி மட்டும் நல்லா வரும். பின்னால இருக்கறதெல்லாம் கலங்கிப் பூடும்."

"மூஞ்சி மட்டும் நல்லா வருங்களா?" என்றார் அப்பா.

நான்கு நாள் யோசிப்பார் என்று நினைத்தேன். சின்னதை அப்போதே வாங்கிவிட்டார்.

எனக்கு அந்தப் படங்களில் ஒரு தனி அக்கறை இருந்தது. நாங்கள் மலைக்குப் போகப்போகிறோம் என்று நான் சொன்னதை வகுப்பில் ஒருத்தி நம்பவில்லை, சும்மா அளக்கிறாய் என்றாள். அருவிக்கு முன்னால் நான் நிற்கும் படத்தை அவள் மூக்குக்கு நேராக நீட்டினால்தான் என் மனம் ஆறும்.

கரியாலூரைத் தாண்டி அருவிக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அப்பா பின்னால் போனார். பெரியப்பா மட்டும்தான் படத்துக்குள் வந்தார். அப்பா இன்னும் பின்னால் போனார், பாறையைச் சுற்றிக்கொண்டு போனார்.

"இன்னாடா, வூட்டுக்கே போய்க்கினு இருக்க?" என்று பெரியப்பா கத்தினார்.

ஒருவழியாக எடுத்துக்கொண்டு வந்ததை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பெரியப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது.

"ஃபால்ஸு எங்கடா? பின்னால வேட்டி காயப்போட்டா மாதிரி கீது. இத நம்ம மோட்டார் கொட்டாயாண்டயே எடுத்துருக்கலாமே."

அதோடு கேமராவின் மேல் இருந்த மரியாதை போய், எல்லோரும் குளிக்கப் போய்விட்டார்கள். பைகளுக்கும் சாப்பாட்டுத் தூக்குகளுக்கும் காவலாக அம்மா உட்கார்ந்திருந்தாள். இனி என் முறைதான் என்று நான் தலையைச் சீவிக்கொண்டு நின்றேன். அப்பா கேமராவை அம்மா பக்கம் திருப்பினார்.

"இங்க பாரு."

அம்மா பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தாள். நான் வந்து சொல்ல வேண்டுமே.

"அங்க இல்ல. இங்க பாரு."

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தயங்கித் தயங்கிப் பார்த்தாள். அப்பா, ஃபோகஸ் ஆகவில்லை என்றார். இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். அப்புறமும் ஆகவில்லை.

"எத்தினி தபாங்க பாக்கறது?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"லென்ஸு மக்கர் பண்ணுது. இங்கயே பாரு."

கேமராவில் சிவப்பு விளக்கு மினுங்கியது. "பேட்டரி, பேட்டரி" என்று நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "இரு பாப்பா" என்றார். பொறுமை போய், எப்படியாவது படத்தில் விழுந்துவிடலாம் என்று அம்மாவுக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றேன். ஒரு கிளிக் கேட்டது. அதோடு கேமரா அணைந்துவிட்டது.

பள்ளி திறந்ததும் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு வாங்கி வகுப்புக்குக் கொண்டுபோனேன். அம்மாவின் முகம் மட்டும் தெளிவாக இருந்தது; பின்னால் அருவி வெள்ளையாக ஒரு கலங்கல், அதற்கு முன்னால் என் கவுன் சிவப்பாக ஒரு கலங்கல். அளக்கிறாய் என்றவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நீ எங்கடீ?" என்றாள். அன்று சாயங்காலம் அழுதுகொண்டே வந்து, அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். எரியாத பல்பைக்கூடக் கடைக்காரரிடம் வாதாடி மாற்றிக்கொண்டு வருகிற அப்பா, "இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

கல்லூரியில் சேர்ந்தபோது கேமரா என் கைக்கு வந்தது. தோழிகளோடு அதே மலைக்கு அதே லென்ஸோடு போனேன். மக்கர் பண்ணுமே என்ற பயத்தோடுதான் அழுத்தினேன். தொட்டவுடன் ஃபோகஸ் பிடித்துக்கொண்டது. மேகம் மூடியபோதும் பிடித்தது, பொழுது சாயும்போதும் பிடித்தது. ஒருமுறைகூட அது தவறவில்லை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னை நடுவில் நிறுத்தாமல் அப்பா அம்மாவிடம் நேராகப் பேசி நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. அது தெரியாமல் பக்கத்தில் நின்று, பேட்டரி தீர்ந்துபோகிறது என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.