புல்புல் தாரா போன வழி

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி மாயாவுக்குப் பகலில் ஒரு பிழைப்பு, சாயங்காலத்தில் ஒரு பைத்தியம். பிழைப்பு திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில். எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். பதினோரு வருஷத்தில் ஒரு பெட்டி வழி தவறியதில்லை. அந்தத் திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

பைத்தியம் பாட்டு. பர்மா பஜாரில் கிடைத்த ஒரு சிடியிலிருந்து பாட்டுக் கட்டும் சாஃப்ட்வேரை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தபேலா, டோலக், பேஸ் கிடார் என்று ஒரு கச்சேரியையே பத்துக்குப் பத்து அறைக்குள் அடைத்துவிட்டாள். வாசிக்க ஆள் வேண்டாம், விசைப்பலகையைத் தட்டினால் போதும். 2005 அம்பேத்கர் ஜெயந்திக்கு எட்டுப் பாட்டு, ஒரு சிடி என்று பேட்டைக்காரர்களிடம் வாக்கும் கொடுத்துவிட்டாள்.

ஒரே ஒரு குறை. புல்புல் தாரா எந்தச் சாஃப்ட்வேரிலும் இல்லை. ஒரு கையால் டைப்ரைட்டர் மாதிரி கட்டைகளை அமுக்கி, மறு கையால் கம்பியைச் சுண்டுவார்களே, அதுதான். அது இல்லாமல் வடசென்னையில் கானா எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் ரஷீது பாய் அதில் சூரர். ஞாயிறுதோறும் அந்த வாத்தியப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து, எட்டுப் பாட்டுக்கும் வாசித்துக் கொடுத்தார். மாயா அதைத் துண்டு துண்டாக நறுக்கி, அதையும் ஒரு வாத்தியமாகக் கம்ப்யூட்டருக்குள் குடியேற்றினாள்.

இங்கேதான் வந்தது வினை. உள்ளே எத்தனை வாத்தியம் இருந்தாலும், ஒவ்வொன்றும் எந்த வழியாக வெளியே வரவேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். அவளுடைய சவுண்டு கார்டில் இரண்டு வழி. முதல் வழியில் பெரிய ஸ்பீக்கர்கள். மற்ற வாத்தியமெல்லாம் அதில்தான் போயின. பாயின் கம்பிச் சத்தம் டோலக்குக்குள் அமுங்கிவிடக் கூடாதே என்ற பிரியத்தில், அதை மட்டும் இரண்டாம் வழிக்குத் திருப்பி, அங்கே பழைய டேப்ரெக்கார்டர் ஸ்பீக்கரை மாட்டினாள். அறைக்குள் கேட்டால் அமிர்தம். ஆனால் சிடிக்குப் பாட்டு எடுக்கும்போது கம்ப்யூட்டர் முதல் வழியில் வருவதை மட்டும்தான் எடுக்கும். அது அவளுக்குத் தெரியாது.

ஜெயந்திக்கு முந்தின நாள் அவசர அவசரமாக சிடி அடித்து, முதல் பாட்டில் பத்து விநாடி கேட்டுவிட்டு அனுப்பினாள். அட்டையில் ‘புல்புல் தாரா: ரஷீது’ என்று தடித்த எழுத்து. விழாவில் குழாய் ஸ்பீக்கர் அலறியது. கூட்டம் ஆடியது. நூறு தடவை கேட்ட அவள் காது, இல்லாத சத்தத்தையும் இட்டுக்கட்டிக் கேட்டுக்கொண்டது. அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அதற்குப் பிறகு ரஷீது பாய் வரவில்லை. மீன்பிடித் தடைக்காலம், ஊருக்குப் போயிருப்பார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் ராயபுரத்தில் மாசானம் கடைக்குப் போனாள். கேசட்டும் சிடியும் விற்கிற திருநெல்வேலிக்காரர்; அவள் சிடியையும் விற்றுக்கொண்டிருந்தார். நல்லா போகுது என்று அவளைப் பாராட்டிவிட்டு, அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

“ஏம்மா, பேரு போட்டிருக்கிய. சத்தத்தக் காணலியே?”

மாயா சிரித்தாள். உங்கள் செட்டு சரியில்லை என்றாள். அவர் சிடியைப் போட்டார். முதல் பாட்டு, தபேலா இருக்கிறது, டோலக் இருக்கிறது. இரண்டாவது. மூன்றாவது. எட்டாவதும் முடிந்தது. ஒரு கம்பி, ஒரே ஒரு கம்பிகூட இல்லை. கடை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாசானம் சோடா உடைத்துக் கொடுத்தது எதற்கென்றுகூடப் புரியவில்லை.

வீட்டுக்கு ஓடி, தப்பைக் கண்டுபிடித்து, புது சிடி அடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனாள். பாய் ஐஸ் கடை வாசலில் சாக்கை உதறிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வழக்கம்போலப் பக்கத்து டீக்கடையில் டீ சொன்னார். விழாவன்று தன்கூட வேலை செய்கிற ஆறு பேரை ஸ்பீக்கருக்கு நேரே நிறுத்தி வைத்திருந்தாராம். அடுத்த பாட்டில் வரும், அடுத்த பாட்டில் வரும் என்று எட்டுப் பாட்டுக்கும் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மாயா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“ஏன் பாய் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?”

“இன்னாத்த கேக்கறது தங்கச்சி? என் கை சொதப்பிகினு கீது, நீ மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வராம நாசூக்கா எட்த்துட்டேன்னு நென்ச்சேன். மருவாதிக்குப் பேர மட்டும் உட்டு வெச்சிக்கிறேன்னு.”

மாயா தலையில் அடித்துக்கொண்டாள். வழி மாற்றி விட்ட கதையை முழுக்கச் சொல்லி, தப்பு என்னுது, உன் கையில் ஒரு குறையும் இல்லை, பெட்டியை எடுத்துக்கொண்டு இந்த ஞாயிறே வா என்றாள். அவர் சாக்கை மடித்துக்கொண்டே இருந்தார்.

“பொட்டி இல்ல. காயலான் கடைல போட்டுட்டேன். அப்பவே கம்பி வேற, கட்ட வேறன்னு பிரிச்சுட்டான்.”

இருபத்திரண்டு வருஷம் அவர் தோளில் தொங்கிய பெட்டி. இரண்டு மாதமாக அது உலகத்திலேயே இல்லை. அவளோ ஊருக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கையிலிருந்த சிடியை டீக்கடைக்காரரிடம் நீட்டிப் போடச் சொன்னாள்.

டோலக்குக்கு மேலே கணீரென்று கம்பி எழுந்தது. ரஷீது பாய் அசையாமல் நின்று முதல் பாட்டு முழுவதையும் கேட்டார். பிறகு, ஐஸில் மரத்து வெளுத்துப்போன தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

“அப்போ நான் நல்லாத்தான் வாசிச்சுகினு இருந்துக்கிறேனா?”