மேற்கே ஓடின தண்ணி

1. பனியில் லுங்கி

என் பேர் கலியபெருமாள். நன்னிலம் பக்கம் டிராக்டர் ஓட்டினவன். படிப்பு அஞ்சாவது. அப்புறம் சவுதியில் டிரைலர். ரஷ்யா துண்டு துண்டாகப் பிரிந்த பிறகு, எங்கள் கம்பெனிக்குக் கசாக்ஸ்தானில் பைப்லைன் காண்ட்ராக்ட் கிடைத்தது. பத்து டிரைவர்களை அங்கே மாற்றினார்கள். ஆபீஸில் மேப்பைக் காட்டினார்கள். பூரா மஞ்சள் கலர். சவுதி மாதிரி மணல்தான் என்று நினைத்து நாலு லுங்கியும் அரைக்கைச் சட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். இறங்கினபோது பனி முழங்கால் வரைக்கும் கிடந்தது.

கேம்ப் பாஸ் பாலக்காட்டுக்காரர். தமிழ் பேசுவார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னய்யா, குற்றாலத்துக்கா வந்தே?"

அன்றைக்கே ஒரு கோட்டு கொடுத்தார். அதில் ரெண்டு கலியபெருமாள் நுழையலாம்.

2. வரப்பு இல்லாத ஊர்

அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாள் பூரா வண்டி ஓட்டினாலும் ஒரு மரம் வராது. வரப்பு கிடையாது, எல்லைக்கல் கிடையாது. இது யார் நிலம் என்று கேட்டால் முன்னே சர்க்காருது என்பார்கள். இப்போ யாருது என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். ரோடு என்று தனியாக ஒன்றும் இல்லை. முன்னே போன வண்டியின் தடம்தான் ரோடு.

ஜனங்களும் பல தினுசு. எங்கள் மெக்கானிக் ரஷ்யர். கிரேன் ஓட்டினவர் ஜெர்மன்காரர். பிறந்து வளர்ந்தது அங்கேதான், ஆனால் ஜெர்மனிக்குப் போக மனு போட்டுவிட்டுக் காத்திருந்தார். வாட்ச்மேன் கசாக். பாத்திரம் கழுவின அம்மா கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் சம்பளம் வரவில்லை, அதனால் வந்தார். எல்லாரும் ஒரே சர்க்காருக்குக் கீழே இருந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு பாஸ்போர்ட்.

ஸ்டோர் கீப்பர் மட்டும் எங்கள் ஊர்ப் பக்கம். கூத்தாநல்லூர் சலீம் பாய். பஜாரில் வெங்காயம் வாங்கிப் பேரம் பேசியே ரஷ்ய பாஷை படித்துவிட்டார். எனக்குத் தெரிந்தது ஆறு வார்த்தை. அதில் அஞ்சு சாப்பாடு.

3. பாயோட ரயில்

கோடை முடிகிற நேரம். பாய் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். சாயங்காலம் ஏழு மணிக்கு டவுனில் ரயில் ஏறினால் மறுநாள் அல்மாட்டி. அங்கேயிருந்து டெல்லிக்கு விமானம். அதை விட்டால் அடுத்த வாரம்தான். அதற்குள் மகள் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கும்.

அவரை டவுனில் விடுவது என் டியூட்டி. ஜீப்பில் ரெண்டு மணி நேரம். காலை பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டோம். டவுன் கேம்புக்குக் கிழக்கே.

அரை மணியில் புழுதிக்காற்று பிடித்தது. தடம் மறைந்தது. சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சுற்றிச் சுற்றி வந்ததில் ஒரு வாய்க்கால் தென்பட்டது. நல்ல தண்ணி, நிறைய ஓடுகிறது. எனக்கு உயிர் வந்தது.

"பாய், கவலைய விடுங்க. தண்ணி போற பக்கமே போனா கிழக்கு."

"நெசமாவா கலியா?"

"தண்ணி பின்ன எந்தப் பக்கம் போகும்?"

பாய் யோசித்தார். அவரும் எங்கள் ஊர்த் தண்ணி குடித்தவர்தான். "அதுஞ் சரிதான்" என்றார்.

எங்கள் பக்கம் ஆறானாலும் வாய்க்காலானாலும் கிழக்கேதான் போகும், கடலுக்கு. கண்ணைக் கட்டி விட்டாலும் தண்ணியைத் தொட்டுத் திசை சொல்லுவோம். அந்த நம்பிக்கையில் மூன்று மணி நேரம் ஓட்டினேன். பாய் கல்யாணச் சாப்பாடு முழுவதையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிரியாணியில் ஆரம்பித்து பீடா வரைக்கும் வந்தாயிற்று. டவுன் வரவில்லை.

காற்று அடங்கியது. பார்த்தால் ரெண்டு பக்கமும் நெல்லு. கதிர் இன்னும் வெளியே வராத, பொதி கட்டின பயிர். நான் வண்டியை நிறுத்திவிட்டேன்.

"பாய், நம்ம ஊருக்கே வந்துட்டமா?"

"விளையாடாதே. மணி மூணரை."

4. மதகுக் காவல்

மதகுப் பக்கம் ஒரு ஆள் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கிம் என்று பேர். கொரியாக்காரர். அவர் அப்பா அம்மாவை அந்தக் காலத்து சர்க்கார் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்டதாம். அவர்கள் நெல்லைப் போட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். கூட்டுப் பண்ணை கலைந்த பிறகு கிம் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தார். இதெல்லாம் பாய் பிறகு சொன்னது.

பாய் டவுனுக்கு வழி கேட்டார். கிம் நாங்கள் வந்த பக்கமே கையைக் காட்டினார். பாய் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன பாய் சொல்றாரு?"

"இந்த ஊர் ஆறு மேற்கேதான் ஓடுமாம். மேற்கே ஒரு ஏரி மாதிரி கடல் இருக்காம். அதுவும் வத்திக்கிட்டு வருதாம். நல்லா வழி காட்டினே போ!"

திரும்பிப் போக பெட்ரோலும் இல்லை, நேரமும் இல்லை. அந்த ஆள் எட்டு வருஷமாக மகள் கல்யாணத்துக்குத்தான் உழைத்தார்.

கிம்தான் வழி சொன்னார். பாய் ஏற வேண்டிய ரயில் மேற்கேயிருந்து வருவது. பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரு சின்ன ஸ்டேஷன். அஞ்சு மணிக்கு ரெண்டு நிமிஷம் அங்கே நிற்கும். ஆனால் கரை மேல்தான் பாதை, ஜீப் போகாது. பக்கத்தில் ஆள் உட்காரத் தொட்டி வைத்த அவர் மோட்டார் சைக்கிள் போகும்.

"அப்ப வரச் சொல்லுங்க பாய்!"

"வரமாட்டாராம். ஆறு மணி வரைக்கும் அவர் முறையாம். எழுந்திரிச்சா பக்கத்து ஆள் ஷட்டரை இறக்கிடுவானாம். நாலு நாளா காஞ்சு கெடந்து இன்னிக்குத்தான் தண்ணியாம்."

இது எனக்கு மொழிபெயர்க்கத் தேவையே இல்லாத சங்கதி. கிம் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினேன். மதகு மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"நான் பாத்துக்கறேன்னு சொல்லுங்க. நான் கடைமடைக்காரன்னும் சொல்லுங்க."

பாய் சொன்னார். கிம் கிட்டே வந்து என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ப்பைத் தடவினார். போய் வண்டியை உதைத்தார். பாய் தொட்டியில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பார்க்க மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருந்தது.

அவர்கள் போய் ஒரு மணி நேரத்தில் குதிரை மேல் ஒருத்தர் வந்தார். கிம் இல்லை என்று பார்த்தார். நேராக வந்து ஷட்டர் சக்கரத்தில் கை வைத்தார். நானும் வைத்தேன். சாப்பாடு இல்லாத அந்த ஆறாவது வார்த்தையைச் சொன்னேன், முடியாது என்று அர்த்தம்.

"நியெத்."

அவர் கசாக்கில் கத்தினார். நான் தமிழில் கத்தினேன். "முறை முடியலய்யா! உன் மணி வரட்டும், நானே விடறேன். அவசரத்துக்குப் பொறந்தவனா நீ?"

எந்த வார்த்தை வேலை செய்ததோ தெரியவில்லை, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்கடிகாரத்தில் ஆறைத் தொட்டுக் காட்டினார். நான் தலையாட்டினேன். பக்கத்திலேயே உட்கார்ந்து உலர்ந்த பாலாடைக்கட்டி கொடுத்தார். கல்லு மாதிரி, உப்பு. சத்தம் போடாமல் தின்றேன்.

ஆறு மணி. கிம் வரவில்லை. நானே எழுந்து ஷட்டரை இறக்கினேன். குதிரைக்காரர் என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

கிம் வந்தபோது ஆறரை. ஷட்டரைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். காலை விட்டு ஆழம் பார்த்தார். திருப்தி. எனக்கு அது பெரிதில்லை. பாய் என்ன ஆனார் என்று கேட்க வார்த்தை இல்லை. ரயில் மாதிரி கூவிக் காட்டினேன். கிம்மும் கூவினார். பிறகு தூரத்தில் போகிற ரயிலுக்குக் கையாட்டுவது மாதிரி ஆட்டிக் காட்டினார். பாய் ஏறிவிட்டார். அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

5. பாஸ் கேட்டது

மறுநாள் கிம் வாங்கிக் கொடுத்த பெட்ரோலில் கேம்ப் வந்தேன். பாஸ் மீட்டரைப் பார்த்தார்.

"டவுனுக்குப் போக இத்தனை கிலோமீட்டரா? எந்த டவுன்? நன்னிலமா?"

நடந்ததைச் சொன்னேன். திட்டத்தான் வாயைத் திறந்தார், சிரித்துவிட்டார். மூன்று நாள் சம்பளம் மட்டும் பிடித்தார்.

வெளியூர் போகிற டிரைவர் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில்தான் வழி தப்புவோம். தெரியாத விஷயத்தை யாரிடமாவது கேட்டுவிடுவோம். தெரிந்ததைக் கேட்க மாட்டோம். அதற்குப் பிறகு நான் நாலு நாட்டில் வண்டி ஓட்டினேன். எங்கே இறங்கினாலும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னே கேட்பேன், "இங்க தண்ணி எந்தப் பக்கம் போகுது?"

சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதில் சொல்லிவிட்டுச் சிரித்தால் சரி.