தார்ப்பாய்க்குள் வேர்த்த விறகு

இந்த நாடு சுதந்திரம் பெற்ற வருடத்து மழைக்காலத்தில்தான் உங்களில் மூத்தவள் பிறந்தாள். அப்போது காஜா பேராங் வட்டாரத்தில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் குறையக் கூடாது. வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பொறுக்கும் சூட்டில் இடுப்பில் ஊற்றவேண்டும். அதற்கென்றே, செமாபோக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் புதிதாக வெட்டிச் சாய்த்த பால்மரத்தை லோரியில் ஏற்றி வந்து, பிளந்து, வீட்டோரம் தகரக் கூரையின் கீழ் அடுக்கினேன். சாரல் படாமல் தார்ப்பாய் போர்த்தி நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். வெயில் வரும்போது தகரம் கொதிக்கும், அந்தச் சூட்டில் விறகு காய்ந்துவிடும் என்று நம்பினேன்.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "என்ன தம்பி, விறகுக்குப் போர்வையா? குளிர் காய்ச்சலா அதுக்கு?" என்றார்.

"நனையக் கூடாதுக்கா" என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் வந்த அன்று தார்ப்பாயை அவிழ்த்தேன். புளித்த வாடையோடு ஆவி முகத்தில் அடித்தது. பாயின் உட்பக்கமெல்லாம் நீர்த்துளி. கட்டைகள் மேல் பஞ்சு மாதிரி பூசணம். மழை ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. பச்சை மரத்திலிருந்த தண்ணீர்தான் சூட்டில் ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் பாயில் முட்டி, மறுபடி விறகிலேயே சொட்டியிருக்கிறது. இந்த ஊர்க் காற்றே ஈரம். அந்தக் காற்றையும் நான் அடைத்து வைத்துவிட்டேன்.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தேன். எண்ணெய் எரிந்தது, விறகு எரியவில்லை. கட்டையின் நுனியில் நுரை தள்ளியது. வீடு முழுக்கப் புகை. பிள்ளை இருமினாள்.

"என்னங்க, தண்ணி வேணாம். அடுப்ப அணைச்சிடுங்க. பிள்ளைக்கு மூச்சு முட்டுது."

"எரிஞ்சாத்தானே அணைக்கிறதுக்கு?"

அக்கா வாசலில் நின்று, "கொசு விரட்டுறியா தம்பி?" என்றபடி உள்ளே வந்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "எழுந்திரு தாயி. நம்ம வீட்ல கரி அடுப்பு இருக்கு, வா."

தீட்டுக் கழியாமல் பெற்றவள் படி இறங்கக் கூடாது என்பார்கள். உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாசலை விட்டு விலகி நின்றேன். குடைக்குள் மூவரும் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் மூத்தவள் வீரிட்டு அழுதாள். இருமல் இல்லாத அழுகை. தூறலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் செய்ய வேறு ஒன்றும் இருக்கவில்லை.