பழகின வாசம்

போன வருஷம் ஐப்பசி அடைமழையின்போது, போடியில் என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்தது இது. கணவர் காலமாகி நான்கு வருஷம். மகன் திருப்பூரில் இருக்கிறான். நான் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் வீடு திரும்பினால் எனக்காகக் காத்திருப்பது கொல்லைச் சுவரில் ஒரு கடுவன் பூனை மட்டும்தான்.

காத்திருக்குமே தவிர, தொடவிடாது. இரண்டு வருஷம் சோறு போட்டும், பக்கத்தில் போனால் சீறும். தின்றுவிட்டு, படியில் நான் விரித்திருந்த பழைய ஏலக்காய்ச் சாக்கில் படுத்துக்கொள்ளும். அன்றைய கதையெல்லாம் அதனிடம் சொல்வேன். நான் ஒரு வாயாடி. குறுக்கே பேசாமல் கேட்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

ஒருநாள் தாடை வீங்கி வந்தது. மறுநாளே சீழ் வழிந்தது. போனில் படமெடுத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, மாத்திரை வாங்கி வந்தேன். மீனுக்குள் ஒளித்து வைத்தேன். மீனைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பி வைத்திருந்தது, எமகாதகப் பூனை! மறுபடி ஓடினேன்.

“பிடிச்சுட்டு வந்தீங்கன்னா காப்பாத்தலாம்மா. ஆனா பழகாத பூனை. அப்புறம் உங்ககிட்ட வராமலே போனாலும் போகும். யோசிச்சுக்கங்க” என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் யோசித்தேன். தானாக ஆறிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாதியில்லாமல் போய்விடுவேனோ என்ற பயம்தான், வேறென்ன? மூன்றாம் நாள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, வாய் வைக்க முடியாமல் என்னையே பார்த்தது. மனசு கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் மூடி போட்ட கூடை கொண்டுவந்தாள். “கூடை வேணாம்டி, மிரண்டுரும். அது படுக்குற சாக்குலயே பிடிச்சிர்றேன். பழகின வாசம், பயப்படாது” என்றேன். பெரிய மேதாவி நான்! தூங்கும்போது சாக்கின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்தேன். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அது உள்ளே அலறியது. சாக்கோடு அமுக்கிப் பிடித்துத்தான் ஊசி போட்டார்கள், புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். வீட்டில் அவிழ்த்துவிட்டதும் சுவரேறிப் போனது போனதுதான்.

பத்து நாள் கழித்து வந்தது. தாடை வீக்கம் வற்றி, புண் ஆறியிருந்தது. அழுதேவிட்டேன். பாலோடு கிட்டே போனேன். மூக்கைத் தூக்கி ஒருமுறை மோப்பம் பிடித்தது. ஒரே பாய்ச்சலில் ஓடிவிட்டது. தினமும் இதே கதை.

“ஏக்கா, நான் வச்சா திங்குதே!” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். அப்போதுதான் உறைத்தது. அந்தச் சாக்கின் வாசம்தான் என் கையிலும். சீயக்காய், எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். காய் பொறுக்குகிற கையில் ஏலக்காய் வாசம் எங்கே போகும்? சோலியை விட்டுவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு ஏது?

இப்போது மீன் வாங்கி அவளிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் வைக்கிறாள், அது தின்கிறது. நான் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். கதை சொல்லத்தான் ஆளில்லை. ஆனாலும் நான் வெளியே வந்து, என் வாசம் பட்டு அது அவ்வளவு வேகமாக ஓடும்போதெல்லாம், ஓடுவதற்கு உயிர் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்கிறேன்.