முள் எழும் வரை

சாவியைத் திருகிவிட்டால் அன்புச்செல்வி பேசமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர் பாதி சொன்ன கதை அந்தரத்தில் நிற்கும். டேஷ்போர்டில் இருக்கும் சின்ன வட்டத்தின் மேலேயே அவர் கண் இருக்கும். ஆயில் பிரஷர் காட்டும் முள் மெல்ல எழுந்து பாதியைத் தாண்டிய பிறகுதான், "ம், சொல்லுங்க" என்று கியரைப் போடுவார்.

ரமணாசிரமத்துக்கு அருகே ஒரு சந்தில் அவருக்குச் சிற்றுண்டிக் கடை. கேழ்வரகு தோசை, கம்பங்கூழ், வெளிநாட்டுக்காரர்களுக்காகக் காரம் குறைத்த ஒரு சட்னி. மாடியில் பல வருஷம் குடியிருந்த ஜெர்மன்காரர், உடம்பு தளர்ந்து ஊர் திரும்பியபோது தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். கூரை கிடையாது. இரண்டு பேர்தான் உட்காரலாம். அன்புச்செல்வியைவிட மூத்த வண்டி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் அதில் போனால் கிரிவலப் பாதைச் சாமியார்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். கணவர் அறிவுச்செல்வன் கணக்கு வாத்தியார். கதவைப் பிடித்த கையை எடுக்காமல் கூடவே வருவார்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை வாங்கிக்கொண்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நெல் மூட்டை லாரிகள் வழியை அடைத்து நின்றன. வண்டி நின்று நின்று ஊர்ந்தது. திடீரென்று முள் கீழே இறங்கிப் படுத்துவிட்டது. அன்புச்செல்வி நடுரோட்டிலேயே என்ஜினை நிறுத்தினார்.

"நல்லாத்தானே ஓடுது செல்வி. மெதுவா வீட்டாண்ட போயிடலாம்."

"ஓடுதுங்க. உள்ள உரசிக்கினு ஓடுது. ஒரு நிமிஷம்கூட வேணாம். எறங்கித் தள்ளுங்க."

ஓரங்கட்டி, அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் நிறைய இருந்தது. சிக்கலே அதுதான். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிவிடலாம். ஆயில் இருந்தும் அழுத்தம் இல்லையென்றால் பம்ப் போயிருக்க வேண்டும், அல்லது பேரிங் தேய்ந்திருக்க வேண்டும். பேரிங் என்றால் அந்த வண்டிக்கு இங்கே எங்கே தேடுவது? மினி லாரி ஒன்றைப் பிடித்து, வண்டியை அதில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

செங்கம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் சகாதேவன்தான் அந்த வண்டியைப் பார்ப்பவர். "என்ஜின எறக்கிடலாமாக்கா?" என்றார்.

"மொதல்ல வேற கேஜ் ஒண்ணு மாட்டிப் பாரு. முள்ளே பொய் சொல்லுதான்னு தெரியணும்."

முள் பொய் சொல்லவில்லை. ஆறிய என்ஜினில் புது கேஜிலும் முள் நன்றாக ஏறியது. சூடானதும் சரிந்தது. ரேஸ் கொடுத்தால் எழுந்தது, விட்டால் படுத்தது. சகாதேவன் கம்பி நுனியில் ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்தார்.

"பம்ப் நல்லாத்தான் கீதுக்கா. இன்னா ஆயில் ஊத்துன?"

"புது கார்ங்களுக்கெல்லாம் இதான், ஒசத்தின்னு கடைல குடுத்தாங்க."

"அதான். ரொம்ப மெலிசு. பழைய என்ஜின், உள்ள இடுக்கு ஜாஸ்தி. இந்த வெயில்ல தண்ணியாட்டம் வழிஞ்சு ஓடிடுது, எங்க அழுத்தம் நிக்கும்?"

பழைய ஆயில் பில்டரை அறுத்துப் பார்த்தார்கள். அன்புச்செல்வி காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக வெயிலில் பிரித்துக் காட்டினார். பேரிங் தேய்ந்திருந்தால் மின்னும் உலோகத் தூள் அதில் சிக்கியிருக்கும். எங்குமே இல்லை. பேரிங் தப்பியது. நிறுத்தியது நல்லதாயிற்று என்று அறிவுச்செல்வனே இரண்டு தரம் சொன்னார்.

கெட்டி ஆயில் ஊற்றிய மறுநாள், வேண்டுமென்றே உச்சி வெயிலில் கிளம்பினார்கள். கூட்டம் வழிமறித்த இடத்தில் முள் கொஞ்சம் இறங்கியது. பிறகு அங்கேயே நின்றது. "சூட்டுல கொஞ்சம் கம்மியாவும், படுக்கக் கூடாது, அவ்ளோதான்" என்று சகாதேவன் சொல்லி அனுப்பியிருந்தார்.

அடி அண்ணாமலையில் வண்டியை நிழலில் விட்டுவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எங்கிருந்தோ வந்த கன்றுக்குட்டி ஒன்று வண்டியின் சிவப்புக் கன்னத்தை ஈரமாக நக்கத் தொடங்கியது. விரட்டுவதற்கு அறிவுச்செல்வன் பதறி எழுந்தார். அன்புச்செல்வி டீயை உறிஞ்சியபடியே அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, திரும்ப உட்காரவைத்தார்.