பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பொய்

இன்று காலை வசூல்காரன் வந்தபோது, நான் காற்றாடியை நிறுத்திவிட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். கோல சிலாங்கூர் புழுக்கத்தில் சட்டை நனைந்துவிட்டது.

மூன்று மாதக் கார் தவணை பாக்கி. காரைத் தூக்கிவிடுவார்கள் என்று கோயிலுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன்.

அவன் கேட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணனிடம் போனான்.

முனியாண்டி அண்ணன் எங்கள் கோயில் தலைவர். என்னைச் செயலாளர் பதவியிலிருந்து தூக்கியவர். அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. என் கார் நிற்கும் இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். இன்றோடு கார் போனது என்று நினைத்தேன்.

“அவரு இல்லப்பா. கலும்பாங்ல ஒரு சாவு. விடியக்காலையிலயே கிளம்பிட்டாரு.”

“காருண்ணே?”

“சாவுக்கு அவ்வளவு தூரம் நடந்தா போவாரு? கார்லதான் லா.”

வந்தவனும் தமிழன். குரலைத் தாழ்த்தினான். “சரிண்ணே, காரியம் முடியட்டும். அதுவரைக்கும் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

அவன் மோட்டார் சைக்கிள் போன பிறகு, முனியாண்டி அண்ணன் என் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

போன வருடம் அவருடைய அம்மா இறந்தபோது, என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் எடுத்துப் போனார்கள். அன்றும் நான் இதே திரைக்குப் பின்னால்தான் நின்றேன்.

தவணைக்கு எப்படியாவது வழி பார்க்கலாம். அவர் வீட்டுக்குப் போனால் முதலில் நன்றி சொல்வதா, துக்கம் கேட்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.